சத்து மாத்திரை

இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி அப்போது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவைப் புற்றுநோய் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அவர் கோப்பைப் படித்துவிட்டு, அப்பாவின் இரைப்பையில் இருக்கும் கட்டிக்கு என்ன செய்வது என்று அன்றே முடிவு செய்வார். அந்தக் கோப்பில் ஒரு தவறு இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, வெங்காயத்தோலைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடிக்கும். கூட வேலை செய்பவர்கள் என்னை அமுக்குணி என்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை.

அப்பாவின் துணுக்குகள் ஆறு. அரிசி நொய் அளவு. வேறு யாரும் தொட வேண்டாம் என்று நானே கேட்டு வாங்கிச் சீவினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலைதான் டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தகடுகளைப் பார்த்து நோய் இன்னதென்று எழுதுவது அவர்தான். அவருடைய நுண்ணோக்கியில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒரே தகட்டைப் பார்க்கலாம்.

“உட்காரு. உங்கப்பாவோடதுதான். பாக்கறியா?”

பார்த்தேன். சுரப்பிகளுக்கு நடுவே சின்னச் சின்ன நீல வட்டங்கள், கூட்டம் கூட்டமாக. சுரப்பியின் சுவரையே துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தன.

“வேலி பயிரை மேஞ்ச கதைதான்,” என்றார் டாக்டரம்மா.

அந்தக் கதை எனக்குத் தெரியும். குடலின் உட்சுவரில் எப்போதும் காவல் அணுக்கள் உண்டு. உள்ளே வருவதில் எது சாப்பாடு, எது பகை என்று பார்ப்பது அவற்றின் அன்றாட வேலை. இரைப்பையில் அவை கூட்டமாக இருப்பதில்லை. அங்கே அமிலமே காவல். ஆனால் ஒரே ஒரு கிருமி அந்த அமிலத்திலும் பிழைக்கக் கற்றிருக்கிறது. அது சளிப்படலத்துக்கு அடியில் குடியேறிவிட்டால், காவல் அணுக்கள் இரைப்பைக்கு ஓடி வரும். வந்தும் அதைக் கொல்ல முடியாது. திரும்பியும் போகாது. வருடக்கணக்கில் அங்கேயே நின்று, நின்ற இடத்தில் பெருகும். ஒரு நாள், எதற்காக வந்தோம் என்பது மறந்துபோய், பெருகுவது மட்டும் மிஞ்சும். அப்பாவுக்கு வந்திருக்கும் கட்டி அந்த வகை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கட்டி இளசாக இருக்கும்வரை அந்த அணுக்களுக்குக் கிருமியின் தயவு வேண்டும். இரண்டு வாரம் மாத்திரை கொடுத்துக் கிருமியைக் கொன்றால், பல பேருக்குக் கட்டி தானாகக் கரைந்துவிடுகிறது. கதிர்வீச்சு வேண்டாம். மருந்து ஏற்ற வேண்டாம். ஆகவே இந்த நோயில் மட்டும், கிருமி இருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி.

“கிருமிச் சாயம் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல,” என்றார் டாக்டரம்மா. “பதினாலு மாசத்துக்கு முன்னாடி எடுத்த மூச்சு டெஸ்ட்டும் நெகட்டிவ். இருந்து தொலைச்சிருந்தா அப்பவே மாத்திரையில முடிஞ்சிருக்கும்.”

அவர் தகட்டை நகர்த்தினார்.

“இந்த ஓரத்துல பாரு. செல்லு கொஞ்சம் பெருசாத் தெரியுது. இப்போதைக்குச் சந்தேகம்னுதான் எழுதியிருக்கேன். பெருசாயிட்டா அது வேற நோய்னே வச்சுக்க. அப்புறம் கிருமியைக் கொன்னு ஒண்ணும் ஆகப்போறதில்ல.”

“எப்ப ஆகும் மேடம்?”

“நம்மகிட்டச் சொல்லிட்டா ஆகும்?”

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கள் பரிசோதனைக்கூடக் கட்டடத்தின் லிஃப்டும் அவர் பொறுப்பில்தான். மாதம் ஒரு முறை வந்து கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்து, உள்ளே மாட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து இடுவார். மருந்து என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. “மாத்திரை திங்க ஆரம்பிச்சா அப்புறம் அதுதான் நம்மளத் திங்கும்” என்பார். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்செரிச்சல் தொடங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாரே தவிர டாக்டரிடம் வர மாட்டார். பார்க்கப் பொறுக்காமல் நான் ஒன்று செய்தேன். அமிலத்தை அடக்கும் மாத்திரைகளை வாங்கி, சத்து மாத்திரை பாட்டிலில் கொட்டி வைத்தேன்.

“சத்துன்னா சரி,” என்றார் அப்பா. “அது சாப்பாட்டுல சேத்திதான்.”

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, என் கையால். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எரிச்சல் குறைந்தது. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்கு மாதத்துக்கு முன் லிஃப்ட் பார்க்க வந்த அப்பாவை ஊதல் அண்ணன் பிடித்துக்கொண்டார். மூச்சுப் பரிசோதனை அவர் பிரிவு; ஆள் குறைந்தால் நானும் அங்கே உதவிக்குப் போவேன். வருகிறவர்களை எல்லாம் பையில் ஊதச் சொல்வதால் அந்தப் பெயர்.

“என்ன சார், மூஞ்சி இப்படிச் சுருங்கிக் கிடக்கு?”

“வயிறுதான். காலையிலேர்ந்து ஒண்ணும் இறங்கல.”

“வெறும் வயிறா? நல்லதாப் போச்சு. வாங்க, ரெண்டு ஊது ஊதிட்டுப் போங்க. லிஃப்டு எங்கயும் ஓடிடாது.”

“ஓடாமத்தானய்யா என்னைக் கூப்பிட்டீங்க,” என்றார் அப்பா. ஆனால் வந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் ஒருநாளும் வராத மனிதர்.

சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது. அமிலத்தை அடக்கும் மாத்திரையைப் பதினான்கு நாள் நிறுத்திவிட்டுத்தான் இந்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டும். அதைத் தட்டச்சு செய்து ஒட்டியது நான்.

“அசிடிட்டி மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா சார்?”

“மாத்திரையா? இந்த உடம்புல இதுவரைக்கும் ஒண்ணு இறங்கினதில்ல. எம்பொண்ணு நிக்குறாளே, கேளுங்க.”

ஊதல் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அன்று காலை ஏழு மணிக்கு மாத்திரை கொடுத்த அதே கை. அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

முடிவு நெகட்டிவ். அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் மெக்கானிக் அட்டையோடு பர்ஸில் வைத்துக்கொண்டார். பார்க்கிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டினார்.

இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ஊதச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நிறுத்தியும் பார்த்தேன். நான்காம் நாள் அவர் குளியலறைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். ஐந்தாம் நாள் பாட்டிலைத் திரும்ப எடுத்தேன். பிறகு மாதங்கள் போயின. போன மாதம் லிஃப்ட் பள்ளத்துக்குள் தலைசுற்றி விழுந்தார். உள்ளே ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போயிருக்கிறது; யாரிடமும் சொல்லவில்லை. குழாய் விட்டு வயிற்றைப் பார்த்து, துணுக்கு எடுத்தார்கள். அன்று காலையும் மாத்திரை உள்ளே போயிருந்தது. துணுக்கிலும் கிருமி தெரியாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அத்தையின் போன் வந்தது. அப்பாவின் அக்கா. அம்மா தையல் மெஷின் மேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“முப்பது வருஷமா உறைப்பா ஆக்கிப் போட்டு எந்தம்பி வயித்த ஓட்டை போட்டுட்ட,” என்றது அத்தையின் குரல். “நான் அன்னைக்கே சொன்னேன்.”

“ஏன்க்கா, நீ ஆக்கிப் போட்டுத்தான மாமா வீட்டுக்கே வர்றதில்ல,” என்று அப்பா கஞ்சிக் கிண்ணத்திலிருந்து குரல் கொடுத்தார்.

அத்தை சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். இரண்டு வாரமாக அந்த வீட்டில் உறைப்பு என்பதே கிடையாது. அவளும் கஞ்சிதான் குடித்தாள்.

“நீ சயின்ஸ் படிச்சவ. மறைக்காமச் சொல்லு. நான் ஆக்கினதாலயா?”

“இல்லம்மா.”

“அப்ப எதனால?”

குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

“தெரியலம்மா,” என்றேன்.

“தெரியலன்னா, அதுவாக்கூட இருக்கலாம்ல?”

அவள் திரும்பிப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். நான் அங்கேயே நின்றேன். அவள் முதுகு அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூடத்தில் அப்பா பாட்டிலைத் திறந்து உள்ளே பார்த்தார். ஆஸ்பத்திரியிலேயே இப்போது அமிலத்துக்கு மாத்திரை தருவதால், பாட்டிலில் உண்மையான சத்து மாத்திரைகளை மாற்றி வைத்து, இனி இரவில் சாப்பிட்டால் போதும் என்று சொல்லியிருந்தேன்.

“என்னம்மா, நிறம் மாறியிருக்கு?”

“கம்பெனி மாத்திட்டாங்கப்பா.”

“உன் கையால குடு. உன் கைன்னாதான் எனக்கு இறங்கும். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் குடுத்தா தொண்டையிலயே நிக்குது.”

கொடுத்தேன். விழுங்கினார். இனி வரப்போகிற எல்லா மாத்திரைகளையும் அவர் இந்தக் கையிலிருந்துதான் வாங்குவார். நான் சொல்லிவிட்டால் வாங்கமாட்டார். இப்படி எனக்குக் காரணங்கள் நிறைய இருந்தன. எல்லாம் நல்ல காரணங்கள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டேன். டாக்டரம்மா வருவதற்குள் அப்பாவின் மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாக எட்டுத் தகடுகள் சீவிக் கிருமிச் சாயம் ஏற்றினேன். நான் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். ஒரே ஒன்று. வளைந்த சிறு கோல். கண்டுபிடித்துவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. தகடே சொல்லிவிடும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். தகட்டை ஒரு மயிரிழை நகர்த்துவது, பார்ப்பது, மறுபடி நகர்த்துவது. நீல வட்டங்கள் கண்ணை மூடினாலும் தெரிந்தன. ஐந்தாவது தகட்டில், ஒரு குழியின் ஓரத்தில், வளைந்த ஏதோ ஒன்று இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கூர்மையாக்கினேன். கூர்மையாக்கியதும் அது வெறும் சாயத்துகள் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி கிருமி மாதிரி. பத்து முறை பார்த்தேன். பிறகு எட்டுத் தகடுகளையும் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

பகல் இடைவேளையில் ஊதல் அண்ணனின் அறைக்குப் போனேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

“அட, அமுக்குணியா? என்ன, இன்னைக்கு வாயைத் தொறக்கப் போறியா? இரு, நாற்காலியப் புடிச்சுக்கறேன்.”

“அண்ணே, மாத்திரை சாப்பிட்டுட்டு ஊதினா எத்தனை பேருக்குத் தப்பா வரும்?”

“கிருமி இருக்கறவங்கள்ல மூணு பேருக்கு ஒருத்தருக்கு வரும்னு வையி. ஏன்?”

“சும்மா.”

“சும்மா கேக்கற ஆளா நீ? வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசறவ. அதுல ஒண்ண எதுக்குச் செலவு பண்ற?” சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. “அப்பாவை நினைச்சியா? அதுல சந்தேகமே வேணாம்மா. நான்தான வாயால கேட்டேன். நீயும் பக்கத்துல நின்ன. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல என் கையெழுத்துல ஒரு தப்பு ரிசல்ட் வெளிய போனதில்ல. நாளைக்கு டாக்டர் கேட்டாலும் தைரியமாச் சொல்லு.”

“சரிண்ணே.”

“ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. நீ பாவம், ஈ எறும்பைக்கூடக் கெடுக்க மாட்ட,” என்று என் தலையில் தட்டினார்.

நான்கு மணிக்கு டாக்டரம்மாவின் கதவருகே போய் நின்றேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“என்னம்மா?”

வார்த்தைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டுதான் வந்திருந்தேன். டெஸ்ட் அன்று காலை அப்பா மாத்திரை சாப்பிட்டிருந்தார். அவ்வளவுதான். ஏழு வார்த்தைகூட இல்லை.

“லேபிள் தீந்துடுச்சு மேடம்.”

“ஸ்டோர்ல கேளு.”

ஸ்டோருக்குப் போய் லேபிள் வாங்கிக்கொண்டு வந்தேன். என் மேஜை இழுப்பறையில் ஏற்கனவே மூன்று சுருள் இருந்தது. இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. அந்த ஓரத்துச் செல்கள் அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன்.

வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி லிஃப்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும். அப்பா பழக்கதோஷத்தில் சுவரில் காதை வைத்தார். பிறகு மேலே மாட்டியிருந்த அட்டையைப் படித்தார்.

“கயிறு தேய்ஞ்சிருக்கு. போன வாரம்தான் கையெழுத்துப் போட்டிருக்கான், பாரு. ஏறியே பாக்காமப் போட்டிருக்கான்.”

“சும்மா வாங்க, நீங்க,” என்றாள் அம்மா.

“இவனையெல்லாம் என்ன பண்றது சொல்லு. நாலு பேர் உயிரு.”

கதவு திறந்தது. அவர் எங்களை முதலில் இறங்கவிட்டு, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதத்தில் சட்டை ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரிந்தது.

புற்றுநோய் மருத்துவர் இளைஞர். மெதுவாகப் பேசினார். கோப்பை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அம்மா புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

“இதுல ரெண்டு வழி இருக்குய்யா. கிருமியால வந்ததா இருந்தா, முதல்ல ரெண்டு வாரம் மாத்திரை குடுத்துப் பாப்போம். உங்களுக்குக் கிருமி இல்லைன்னு ரெண்டு டெஸ்ட்லயும் வந்திருக்கு. அதனால நேரா கதிர்வீச்சுக்குப் போயிடலாம்னு நினைக்கறேன். ஓரத்துல ஒரு சந்தேகமும் எழுதியிருக்காங்க. தள்ளிப் போட வேணாம்.”

“நீங்க சொன்னாச் சரி,” என்றார் அப்பா.

“சார், சாப்பாட்டால வந்திருக்குமா?” என்று அம்மா கேட்டாள். “உறைப்பு, உப்பு…”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா.” அவர் கோப்பைப் புரட்டினார். “மூச்சு டெஸ்ட் எடுத்தப்ப அசிடிட்டி மாத்திரை எதுவும் எடுத்துக்கலையே?”

அப்பா பர்ஸை எடுத்தார். நாலாக மடித்த தாள், மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. மேஜை மேல் விரித்து உள்ளங்கையால் நீவினார்.

“பாருங்க சார், இதுலயே டிக் போட்டிருக்கு. எங்க ஆளுங்க சுத்தமாச் செய்வாங்க. கீழ எம்பொண்ணு கையெழுத்து.” அந்த இடத்தில் விரலை வைத்தார். “அப்பல்லாம் மாத்திரை வாடையே கிடையாது எனக்கு. தினம் காலைல ஒரு சத்து மாத்திரை, அதுவும் இவ குடுத்தா.”

“சத்து மாத்திரைன்னா பரவாயில்ல.”

மருத்துவர் கதிர்வீச்சுப் பிரிவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அப்பா தாளை அதே மடிப்புகளில் கவனமாக மடித்தார். பேனா இரண்டாவது வரிக்குப் போனது.

“அப்பா,” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா மட்டும் திரும்பினாள்.

“அப்பா. அது சத்து மாத்திரை இல்ல.”

பேனா நின்றது.

“அசிடிட்டி மாத்திரை. ரெண்டு வருஷமா நான்தான் பாட்டிலை மாத்திக் குடுத்தேன். நீங்க ஊதின அன்னைக்குக் காலையிலயும் குடுத்தேன்.”